அளந்து ஊற்றிய மருந்து

மார்ச் 9, திங்கள்

காலையிலிருந்து அளவு நாடாவோடுதான் பொழுது போனது. கன்றின் நெஞ்சைச் சுற்றி நாடாவைப் போட்டு இழுத்தால் எடை இவ்வளவு என்று நாடாவே சொல்லிவிடும். சொல்வதற்கென்ன, சுலபம்தான். இருபத்தாறு கன்றுகளில் இருபத்தைந்து என் காலை மிதித்தன. தாயிடமிருந்து பிரித்து நாலு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் ஒவ்வொன்றும் ஒரு சண்டியர். முப்பத்தொன்றாம் நம்பர் மட்டும் சமர்த்து. தலை பின்னிக்கொள்ள நிற்கிற பிள்ளை மாதிரி அசையாமல் நின்றது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை புழு மருந்து. எடைக்குத் தகுந்த அளவு கொடுக்க வேண்டும். குறைந்தால் குடலில் இருக்கிற புழு சாகாது. மருந்தோடு பழகிக்கொண்டு சொகுசாக இருக்கும். அதற்காகத்தான் இந்த நாடா, இந்தப் பட்டியல், இத்தனை மிதி.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் போன் செய்தார். அவருக்கு வேலை நகரத்தில். பெண்ணின் படிப்பும் அங்கேதான். மாதம் ஒருமுறை வந்து போகிறார். வழக்கமான கேள்வி: "அப்பா எப்படி இருக்காரு?" வழக்கமான பதில்: "ஓடியாடிக்கிட்டு இருக்காரு." அப்புறம் வழக்கமான பாட்டு: "அவரு நின்னு வேலை பாக்கற வரைக்கும்தான் மாடு. அவரால முடியாத அன்னிக்கு எல்லாத்தையும் குடுத்துட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடணும். இதுல பேச்சே இல்ல."

சரி என்றேன். மூன்றாம் மாடி வீடு அது. அங்கே போய் நான் என்ன செய்வேன்? ஜன்னலைத் திறப்பேன், மூடுவேன். மாமாவை நினைத்தால் இன்னும் மோசம். எழுபத்து நாலு வயது. மாமியார் போன பிறகு அவர் பேசுவதே மாடுகளோடுதான், மிச்சம் இருந்தால் என்னோடு.

மார்ச் 15, ஞாயிறு

மருந்து கொடுத்து முடித்தாயிற்று. உடம்பு முழுக்கச் சாண வாடை, இரண்டு முறை குளித்தும் போகவில்லை.

பதினெட்டு வருஷமாக ஒரே ஏற்பாடு. ஒரு மாடு மட்டும் நுழைகிற மாதிரி இரண்டு பக்கமும் இரும்புக் குழாய் போட்ட வழி, ஒடுக்கு என்போம். பின்னாலிருந்து ஒவ்வொன்றாக நான் தள்ளிவிட வேண்டும். முன்பக்கம் மாமா. முன்னால் ஆள் நிற்பதைப் பார்த்தால் கன்று பின்வாங்கும் என்று அங்கே தகரம் அடித்திருக்கிறது. அதனால் அவரை நானும் பார்க்க முடியாது. குரல் மட்டும் வரும். நான் பட்டியலைப் பார்த்து எடையைக் கத்துவேன். அவர் கன்றின் தலையைத் தூக்கிப் பிடித்து, வளைந்த குழாயை நாக்குக்குப் பின்னால் விட்டு, துப்பாக்கி மாதிரி இருக்கிற கைப்பிடியை ஒரே அழுத்தாக அழுத்துவார். நெற்றியில் நீலச் சாயத்தால் ஒரு கோடு இழுப்பார். "போகட்டும்" என்பார். அடுத்தது.

இன்று கொஞ்சம் நேரம் பிடித்தது. "என்ன மாமா, ஒவ்வொண்ணுகிட்டயும் சம்மதம் கேட்டுக் குடுக்கறீங்களா?" என்று கத்தினேன். "உனக்கென்ன, பின்னாடி நின்னு கூவறதுதான வேலை" என்றார்.

முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். கடைசிக் கன்றோடு மருந்து கேன் சரியாகக் காலி. கணக்கு என்றால் மாமா கணக்கு. சாக்கடையோரம் வெள்ளையாகக் கிடந்தது. "சிந்திடுச்சா?" என்றேன். "ஒண்ணு துப்பிடுச்சு, அதுக்கு மறுபடி குடுத்தேன்" என்றார். இரண்டு வாளி ஊற்றிக் கழுவிவிட்டேன்.

மார்ச் 16

மாமா டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். "டீயைக் கும்பிட்டுட்டுதான் குடிப்பீங்களோ?" என்றேன். சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஏப்ரல் 2

கன்றுகளின் மயிர் படியவில்லை. சிலிர்த்துக்கொண்டு நிற்கிறது. சாணம் தண்ணீராகப் போகிறது, வால் பூராவும் அப்பிக்கொண்டு. புதுப் புல் தின்றால் இளகும்தான். ஆனால் மருந்து கொடுத்துப் பதினெட்டு நாள் ஆன கன்று இப்படியா இருக்கும்? மாமாவிடம் சொன்னேன். "புல்லு" என்று ஒரே சொல்லோடு எழுந்து போய்விட்டார். அவர் இப்படி வெடுக்கென்று பேசுகிறவர் இல்லை.

ஏப்ரல் 8

முப்பத்தொன்று செத்துப்போனது.

நேற்றே தாடைக்குக் கீழே தண்ணீர்ப் பை மாதிரி வீங்கியிருந்தது. கண் இமையைப் புரட்டிப் பார்த்தேன், ரத்தமே இல்லை, காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. மாட்டு டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன், காலையில் வருகிறேன் என்றார். அவர் வந்தபோது அது காலை நீட்டிவிட்டிருந்தது.

வயிற்றைத் திறந்து காட்டினார். வயிற்றுச் சுவர் முழுக்க நூல் நூலாக, சிவப்பும் வெள்ளையுமாக நெளிகிறது. குடலில் இன்னொரு கூட்டம். நான் பார்க்காததா? எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஆனால் மருந்து குடித்த மாட்டில் பார்த்ததில்லை. "இது ரத்தம் குடிக்கிற ஜாதி. ஒண்ணு ரெண்டு இல்ல, ஆயிரக்கணக்குல இருக்கு" என்றார் டாக்டரம்மா.

பிறகு கேட்டார்: "மருந்து ஒழுங்கா உள்ள போச்சாம்மா?"

எனக்குச் சுருக்கென்று ஏறியது. "எங்க மாமா நாப்பது வருஷமா குடுக்கறாரு. கேன் கடைசிக் கன்னோட காலியாச்சு. ஒரு சொட்டு கூடல, குறையல." மாமா பக்கத்தில்தான் நின்றார். அவர் சார்பாக நான் வக்கீல் மாதிரி பேசிக்கொண்டே போனேன்.

டாக்டரம்மா தலையாட்டினார். "அப்போ மருந்துக்குப் புழு பழகிடுச்சு போல. சோதிச்சுப் பாத்துடலாம்."

ஏப்ரல் 14, செவ்வாய்

பத்துக் கன்றுகளின் சாணம் பத்துப் பையில். ஒரு கிராம் சாணத்தில் எத்தனை புழு முட்டை என்று எண்ணுவார்கள். மருந்து கொடுக்கிற அன்று ஒருமுறை, பதினாலு நாள் கழித்து ஒருமுறை. எண்ணிக்கை அடியோடு விழுந்தால் மருந்து வேலை செய்கிறது. விழாவிட்டால் மருந்தைப் புழு ஏப்பம் விட்டுவிட்டது என்று அர்த்தம். இந்த முறை வேறு வகை மருந்து.

இன்றைக்கு எண்ணிக்கை ஆயிரத்து நூறு.

காலையில் மாமாவிடம், "இன்னிக்கு நான் முன்னாடி நிக்கட்டுமா? நீங்க பின்னாடி வாங்க" என்றேன். ஏன் சொன்னேன்? சும்மாதான் சொன்னேன். இல்லை. சும்மா இல்லை.

மாமா முகம் கறுத்துவிட்டது. "என்னை ஓரமா உக்கார வெக்கணும்னா நேரா சொல்லிடு. அவன்கிட்டயும் போன் பண்ணிச் சொல்லிடு, அப்பாவால முடியலன்னு." மருந்துத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போய்விட்டார். நான் பின்னால் போய் நின்றேன். "போகட்டும்" என்றார் இருபத்தைந்து முறை.

ஏப்ரல் 20

இன்னும் இரண்டு. ஒன்று தண்ணீர்த் தொட்டியருகே, ஒன்று வேலியோரம். குழி தோண்ட ஆள் வைக்க வேண்டியதாயிற்று.

ஏப்ரல் 28, செவ்வாய்

முடிவு வந்தது. ஆயிரத்து ஐம்பது.

ஆயிரத்து நூறிலிருந்து ஆயிரத்து ஐம்பது. இதற்குத் தண்ணீரையே கொடுத்திருக்கலாம்.

டாக்டரம்மா நேரில் வந்தார். "நான் இப்படிப் பாத்ததே இல்ல. ஒரு மருந்து கேக்கலன்னா இன்னொண்ணு கேக்கும். ரெண்டுமே கேக்கலன்னா இந்த மந்தையில ஒரு பொல்லாத புழு இருக்கு. இதோட சாணம் விழுந்த புல்லை மத்த மாடு மேயக்கூடாது. பக்கத்துல சொல்லிடுங்க."

பக்கத்தில் என்றால் வேலிக்காரர். பள்ளத்துப் புல்வெளி அவருடையது. நாங்கள் எட்டு வருஷமாகக் குத்தகைக்கு மேய்க்கிறோம். பார்த்தால் வேலியைப் பற்றித்தான் பேசுவார், அதனால் அந்தப் பெயர். போய்ச் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தப்பா நினைக்காதம்மா, எனக்கும் மாடு இருக்கு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, நாளையிலிருந்து வாசலைப் பூட்டிவிடுவதாகச் சொன்னார்.

வீட்டுக்காரரிடம் மறைக்க முடியவில்லை. அவர் கத்தவில்லை. "போதும்மா. மாட்டுலயும் மண்ணுலயும் வியாதின்னா இனிமே என்ன பண்ண முடியும்? எல்லாத்தையும் லாரில ஏத்திடலாம். நான் ஆள் பாக்கறேன்." அழுதேன் போலிருக்கிறது. "அடிமாடு வளக்கறவ அழலாமா?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, தேற்றுவதற்காகத்தான் சொன்னார்.

அழலாம். நன்றாகத் தின்று கொழுத்து ஒருநாள் லாரியில் ஏறுவதற்குத்தான் வளர்க்கிறேன், தெரியும். சாணத்தில் விழுந்து, தாடை வீங்கி, எழுந்திருக்க முடியாமல் என்னைப் பார்த்துக்கொண்டே சாவதற்கு நான் வளர்க்கவில்லை.

மே 4

ஆறு ஆகிவிட்டது. இருபது மிச்சம்.

லாரி மே முப்பதாம் தேதி. தாய் மாடுகள், காளை, வளர்ந்த எருதுகள், கன்றுகள், எல்லாம். அதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை மருந்து கொடுக்கச் சொல்கிறார் டாக்டரம்மா. பழைய இரண்டு மருந்தையும் சேர்த்து. விற்கிறவரையிலாவது பிழைத்துக் கிடக்கட்டும் என்று. மருந்து கொடுத்து இருபத்தொரு நாள் போகாமல் கறிக்கு அனுப்பக்கூடாது. எட்டாம் தேதி கொடுத்தால் சரியாக இருக்கும்.

மாமாவிடம் விற்பதைப் பற்றிச் சொன்னேன். தட்டிலிருந்த சாப்பாட்டை விரலால் ஒதுக்கி ஒதுக்கி வைத்தார். "என்னைக்கு லாரி?" என்று மட்டும் கேட்டார்.

மே 6

ஏழு.

மே 8, வெள்ளி

எழுத வரவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு நானே வேறு மாதிரி நினைத்துக்கொள்வேன்.

ஏழாவது கன்று உள்ளே போனது. எட்டாவது ஒடுக்கில் நுழையும்போது காலை மடக்கிப் படுத்துவிட்டது. கயிறு முன்பக்கம் ஆணியில் தொங்குகிறது. மாமாவைக் கூப்பிட்டால் அவர் வேலை கெடும் என்று நானே சுற்றிக்கொண்டு ஓடினேன். தகரத்துக்கு அந்தப் பக்கம் போனேன்.

கன்றின் வாயில் குழாய் இருந்தது. மாமா இரண்டு கையாலும் கைப்பிடியை அழுத்திக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. கைப்பிடி நகரவில்லை. விரல்கள் அதன்மேல் சும்மா படிந்திருந்தன. கன்றின் உதட்டோரம் இரண்டு சொட்டு வழிந்தது, அவ்வளவுதான். குழாயை எடுத்தார். நீலச் சாயத்தை எடுத்து நெற்றியில் நேராகக் கோடு போட்டார். பிறகு கேனைச் சாய்த்து, அளவுக் குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பதினெட்டு மில்லி. நான் கத்திய எடைக்குச் சரியான அளவு. அதைச் சாக்கடையில் ஊற்றினார்.

ஒவ்வொரு கன்றின் அளவையும் சரியாக அளந்து சாக்கடைக்குக் கொடுத்திருக்கிறார். கடைசிக் கன்றோடு கேன் காலியாக வேண்டும் என்று. மூன்று தடவையும்.

என்னைப் பார்த்துவிட்டார். குவளை கையிலேயே இருந்தது.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சொன்னது இதுதான்: "ஏழையும் நீங்கதான் கொன்னீங்க. புழு இல்ல. நீங்க."

மாமா குவளையைக் கவிழ்த்து வைத்தார். கேனின் மூடியைப் போடப் பார்த்தார், மரை சேரவில்லை, விட்டுவிட்டார். வீட்டுப் பக்கம் நடந்து போனார். மெதுவாகத்தான் போனார்.

இருப்பிலிருந்த இன்னொரு கேனைப் பிரித்துக்கொண்டு, பத்தொன்பதையும் திரும்ப முதலிலிருந்து உள்ளே விட்டேன். நானே தள்ளி, நானே ஓடி, நானே கொடுத்தேன். கைப்பிடி அவ்வளவு கெட்டி. பன்னிரண்டாவது கன்றுக்கு மேல் கட்டைவிரல் மரத்துப்போய்விட்டது. எனக்கே இப்படி என்றால் அவருக்கு எப்படி? பதினெட்டு வருஷம் அந்தப் பக்கம் நின்றவரைப் பின்னாலிருந்து கேலி செய்துகொண்டே இருந்திருக்கிறேன்.

மே 9

மாமா அறையை விட்டு வரவில்லை. சாப்பாட்டை வாசலில் வைத்தேன். அப்படியே இருந்தது.

மே 10, ஞாயிறு

எனக்குத் தெரியும். இதை எழுதியே ஆக வேண்டும். எனக்குத் தெரியும்.

போன வருஷக் கடைசியில் தொழுவக் கதவுக் கயிற்றை எடுத்துவிட்டுக் கொக்கி போட்டது யார்? நான்தான். மாமாவால் முடிச்சு அவிழ்க்க முடியவில்லை என்று பார்த்துத்தான் போட்டேன். ஏன் என்று அவரைக் கேட்டேனா? சட்டைப் பித்தானைப் போடாமல் மேலே துண்டு போட்டுக்கொண்டு வந்தார், பார்த்தேன். டீ டம்ளரைப் பார்த்தேன், பார்த்து ஜோக் அடித்தேன். டாக்டரம்மா நேருக்கு நேர் கேட்டார், மருந்து உள்ளே போச்சா என்று. நான் பதிலா சொன்னேன்? வாயை அடைத்தேன்.

மாமாவால் முடியாத அன்றைக்கு மாடு போய்விடும். அதனால் மாமாவால் முடிந்தாக வேண்டும். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அவர் கையை மறைத்தார், நான் கண்ணை மூடிக்கொண்டேன். இதில் கொன்றது நீங்கள் என்று சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது? சொல்லிவிட்டேனே. எப்படித் திரும்ப எடுப்பது?

மே 15

ஒரு வாரமாக ஒன்றும் சாகவில்லை.

மே 22, வெள்ளி

இருபது.

ஆயிரத்துச் சொச்சம் இருந்தது இருபதுக்கு வந்துவிட்டது. டாக்டரம்மா போனிலேயே சந்தோஷப்பட்டார். "பாத்தீங்களா, ரெண்டையும் சேத்துக் குடுத்ததும் கேட்டுடுச்சு." பிறகு, "ஆனா இது எத்தனை நாளைக்குன்னு சொல்ல முடியாதும்மா. நல்லா இருக்கும்போதே வித்துடறதுதான் புத்திசாலித்தனம்" என்றார்.

சேர்த்ததால் இல்லை டாக்டரம்மா. முதல் மருந்தே போதும். அது ஒருநாளும் உள்ளே போகவில்லை.

இதைச் சொன்னால் மந்தை சுத்தம், மண் சுத்தம். விற்க வேண்டியதில்லை என்று வாதாடலாம். பள்ளத்துப் புல்வெளி திரும்பக் கிடைக்கும். ஆனால் என்ன என்று சொல்வது? எங்கள் மாமா அளந்து அளந்து சாக்கடையில் ஊற்றினார் என்றா? நாற்பது வருஷம் இந்த ஊரில் மாட்டுக்காரர் என்றால் அவர்தான். சொன்னால் என் மாடு பிழைக்கும், அவர் தலை கவிழும். சொல்லாவிட்டால் எட்டாவது நாள் லாரி.

வாயை மூடிக்கொண்டு பத்தொன்பதையும் எண்ணிவிட்டு வந்தேன். மயிர் படிந்து மினுமினுக்கிறது. ஒன்றையொன்று முட்டித் தள்ளுகின்றன. சனியன்கள், இப்போதுதான் தேற வேண்டுமா?

மே 25

மாமா தொழுவத்துப் பக்கம் வந்தார். பதினேழு நாளில் முதல் தடவை. கதவுக்கு வெளியேதான் நின்றார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சாணம் கட்டிப்பட்டிருக்கு" என்றார்.

"ஆமா மாமா."

"முடிவு வந்துச்சா?"

பொய் சொல்லத்தான் நினைத்தேன். "இருபது" என்றேன்.

தலையை ஆட்டினார். போய்விட்டார்.

மே 27, புதன்

மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கூப்பிட்டார். "அவனுக்குப் போன் போட்டுக் குடு." போட்டுக் கொடுத்தேன். கையில் வாங்கினார், நழுவியது. மறுபடி வாங்கினார். பிறகு, "நீயே பிடிச்சுக்கம்மா" என்றார். அவர் காதோரம் போனை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அதனால் இரண்டு பக்கமும் எனக்குக் கேட்டது.

"டேய், லாரி வர வேண்டாம்னு சொல்லிடு."

"ஏம்பா?"

"மாட்டுல ஒண்ணும் இல்ல. மருந்துலயும் ஒண்ணும் இல்ல. என் கைலதான். அழுத்த முடியல. அழுத்தின மாதிரி காட்டிட்டு மருந்தைக் கொட்டிட்டேன். இவ குடுத்தா, ஒரே தடவைல கேட்டுச்சு."

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"எத்தனை நாளாப்பா?"

"போன வருஷத்துலேருந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வித்துடுவேன்னியே. சொல்லல. ஏழு கன்னு போச்சு."

என் வீட்டுக்காரர் அழுகிறாரோ என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சினார். "நீங்க இங்க வந்துடுங்கப்பா. நல்ல டாக்டர்கிட்ட காட்டலாம். அங்க இருந்தா நீங்க சும்மா இருக்க மாட்டீங்க."

"வரேன்."

அந்தச் சொல்லுக்காகத்தான் ஒரு வருஷம் கையை மறைத்தார். கேட்டதும் கொடுத்துவிட்டார், பேரம் இல்லாமல்.

"மாட்டை அவ தனியாப் பாத்துப்பாளா?"

"என்னை ஏன் கேக்கற? இதோ நிக்கறா, அவளைக் கேளு."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஒரு வருஷம் பார்க்கலாம் என்றார் அவர். டாக்டரம்மாவிடம் சொல்கிற வேலையையும் மாமா என்னிடம் விடவில்லை. அடுத்த போன் அவருக்குத்தான். அதற்கும் நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மே 30, சனி

லாரி வர வேண்டிய நாளில் கார் வந்தது.

மாமாவின் சட்டைக்கு நான் பித்தான் போட்டுவிட்டேன். இத்தனை வருஷத்தில் என்னை அப்படிக் கிட்டே விட்டதில்லை. இன்று கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். மேலிருந்து கீழே ஆறு பித்தான். அந்த ஆறு பித்தான் நேரத்தில் சொல்லியிருக்கலாம், அன்றைக்கு நான் அப்படிப் பேசியது தப்பு மாமா என்று. நாலாவது பித்தானில் வாயைத் திறந்தேன். "மாத்திரை பையோட பக்கவாட்டுல இருக்கு" என்றேன்.

தொழுவத்துப் பக்கம் அவர் போகவில்லை. வண்டி திரும்பும்போது அந்தப் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றச் சொன்னார்.

ஜூன் 19

வீட்டுக்காரர் போன் செய்தார். மாமாவுக்குக் கழுத்தெலும்பில் நரம்பு நசுங்கியிருக்கிறதாம். முன்பே காட்டியிருந்தால் ஏதாவது செய்திருக்கலாமாம். இனி பிடி திரும்ப வராது, இதற்கு மேல் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். முன்பே என்றால் எப்போது என்று கேட்டேன். போன வருஷம் என்றாராம் டாக்டர்.

கொக்கி போட்ட நேரம்.

ஜூலை 3

வேலிக்காரர் தானாகவே வந்து புல்வெளிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் கேள்விப்பட்டிருப்பார். மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வடக்குப் பக்கக் கம்பி தளர்ந்திருக்கிறது என்று கால் மணி நேரம் பேசினார். அவர் காலில் விழுந்து கும்பிடலாம் போலிருந்தது.

ஆகஸ்ட் 11

வளர்ந்த எருதுகள் ஆறு லாரி ஏறின. திடமாக, தாங்களாகவே பலகையில் நடந்து ஏறின. அழவில்லை.

செப்டம்பர் 14, திங்கள்

மழைக்கு அப்புறமான மருந்து. நான் முன்பக்கம். பின்னாலிருந்து தள்ள வேலிக்காரர் வந்தார். எடையைக் கத்தச் சொன்னால் நம்பரைக் கத்துகிறார், நம்பரைக் கேட்டால் வேலியைப் பற்றிச் சொல்கிறார். திட்டித் தீர்த்தேன். வந்த மனுஷர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

தகரத்துக்கு இந்தப் பக்கம் நின்றால் ஒருவரும் தெரிவதில்லை. கன்றின் மூச்சு, என் கை, அவ்வளவுதான். இங்கே நின்றுகொண்டுதான் அவர் ஒவ்வொரு தடவையும் அழுத்திப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் முதலில் அழுத்தித்தான் பார்த்திருக்கிறார். அன்றைக்கு அதையும்தான் பார்த்தேன், ஆனால் என் வாயில் அது வரவில்லை.

செப்டம்பர் 28

பத்துப் பையிலும் முட்டை இல்லை. ஒன்றுகூட இல்லை. டாக்டரம்மா, "இந்தப் பக்கத்துலயே சுத்தமான மந்தை உங்களுதுதான்" என்றார்.

மாமாவுக்குப் போன் செய்தேன். பேத்தி எடுத்து அவர் காதில் வைத்தாள். முடிவைச் சொன்னேன். "நல்லது" என்றார். யார் பின்னால் நின்றது என்று கேட்டார், சொன்னேன், "ஐயோ பாவம்" என்றார், எனக்கா அவருக்கா தெரியவில்லை. பேச்சு நன்றாகத்தான் போனது. அந்தத் தைரியத்தில், "ஒரு பத்து நாள் இங்க வந்து இருந்துட்டுப் போங்க மாமா" என்றேன்.

"வந்து என்னம்மா பண்ணப் போறேன்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்கிற மாதிரி இருந்தது. சும்மா வந்து உட்காருங்க மாமா என்று சொல்ல வந்தேன். அவரிடம் அதை எப்படிச் சொல்வது? நாற்பத்திரண்டாம் நம்பர் மாடு சினையாக இருக்கிறது என்றேன். எத்தனை மாசம் என்று கேட்டார். மூணு என்றேன். வயிற்றில் இருக்கிறதுக்கும் சேர்த்துத் தீனி போடு என்றார். போடறேன் மாமா என்றேன். அப்புறம் பேத்தி போனை வாங்கிக்கொண்டாள்.